தேர்ந்தெடுக்காத படங்கள்

நாள்தோறும் ஓர் ஒளிப்படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கண் பழகுவதைப் பற்றியே எழுதுகிறார்கள். ஓராண்டு விடாமல் எடுத்தால் ஒளியின் போக்கு பிடிபடும், சாதாரணப் பொருள்களிலும் அழகு தென்படும், சலிப்பைத் தாங்கப் பயிற்சி கிடைக்கும் என்பன அவர்கள் சொல்லும் பயன்கள். இவற்றில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இவை அனைத்தும் படம் எடுப்பவர் அடையும் பயன்கள். எடுத்த படங்கள் ஒரு வரிசையாகச் சேர்ந்தபின் அந்த வரிசை எதற்கு உதவுகிறது, யாருக்கு உதவுகிறது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. பிறர் விட்டுச்சென்ற பதிவுகளைக் கொண்டே பிழைக்கும் ஆய்வாளர்களுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் நெருக்கமானது.

தில்லியிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்த தமிழ் மாணவி ஒருவர், ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இப்பழக்கத்தைத் தொடங்கினார். அவருடைய ஆய்வுப் பொருள் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம். தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருப்பது. பகலில் ஆவணக் காப்பகம், மாலையில் நூலகம், இரவில் விடுதி என்று நாள்கள் அச்சடித்தாற்போல் கழிந்தன. நாட்குறிப்பு எழுதிப் பார்த்தார். பல நாள்களில் ‘கோப்பு படித்தேன்’ என்பதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்கு வந்தார்.

விடுதியின் மூன்றாம் தள வராந்தாவுக்கு எதிரே ஒரு முள்ளிலவ மரம் நின்றது. தில்லிவாசிகள் அதைச் செமல் என்பார்கள். அந்த மரத்தை நாள்தோறும் காலை 7.40 மணிக்கு ஒரே ஒரு படம் எடுப்பது என்பது ஏற்பாடு. வராந்தாக் கம்பியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, கைபேசியின் ஓரத்தை அந்தப் புள்ளியோடு பொருத்தி எடுப்பார். சரியாக வரவில்லை என்று மறுமுறை எடுப்பதில்லை. தலையணைக்கு அடியில் இருந்த நோட்டில் தேதி, நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றை ஒரே வரியில் குறித்துக்கொள்வார்.

நாளுக்கு ஒரே படம் என்ற கட்டுப்பாடு புதிதன்று. அமெரிக்க இயற்கை ஒளிப்படக்காரர் ஜிம் பிராண்டன்பர்க் 1994இன் இலையுதிர்காலத்தில், மினசோட்டாக் காடுகளில், 90 நாள்களுக்கு நாளொன்றுக்கு ஒரு முறை மட்டுமே கேமராவை இயக்குவது என்று தமக்கே ஒரு விதி வகுத்துக்கொண்டார். அந்தப் படங்கள் புகழ்பெற்றவை. ஆனால் அவர் செய்தது தேர்வின் உச்சம். பகல் முழுவதும் காத்திருந்து, அந்த நாளுக்குரிய ஒரே தருணத்தைத் தேர்ந்து எடுத்தார். விடுதி மாணவி செய்ததோ தேர்வைக் கைவிடுவது. இடத்தையும் நேரத்தையும் முன்பே முடிவுசெய்துவிட்டதால் 7.40க்கு எது இருக்கிறதோ அதுதான் படம். மரத்தை மறைத்துத் தண்ணீர் லாரி நின்றால் தண்ணீர் லாரி. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே பழக்கம்போல் தோன்றினாலும், உள்ளே அவை எதிரெதிர்த் திசையில் செல்பவை. முதலாவது கலைஞனை உருவாக்கும். இரண்டாவது ஆவணத்தை உருவாக்கும்.

ஆவணத்தை உருவாக்குவது அலுப்பூட்டும் வேலை. அந்த மாணவியின் முதல் நான்கு மாதப் படங்களைக் காட்டி யாரையும் ஐந்து நிமிடம் உட்காரவைக்க முடியாது. நவம்பரில் வானம் சாம்பலும் காவியும் கலந்த நிறத்தில் தொங்கியது. ஜனவரியில் மூடுபனி இறங்கியபோது மரமே காணாமற்போயிற்று. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 11 படங்களில் வெறும் வெண்மை. அறைத்தோழி, ஒடிசாவைச் சேர்ந்தவர், அவற்றைப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு அடித்த சுவரையா படம் எடுத்திருக்கிறாய்?” என்று கேட்டார். அந்த 11 படங்களும் நீக்கப்படவில்லை. மரம் தெரியாத படம் மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அன்று காலை 7.40க்குச் சுமார் 40 மீட்டர் தொலைவிலிருந்த மரம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் ஒரு செய்திதான்.

கைபேசிக்கு அது செய்தியாகப் படவில்லை. இரண்டாவது வசந்தத்தின்போது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: ஒத்த படங்கள் 312 உள்ளன, சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கி இடத்தை மிச்சப்படுத்தலாமா? அதே கைபேசி ஆண்டு முடிவில் இசையோடு ஒரு நினைவுத் தொகுப்பையும் தானாகச் செய்துகொடுத்தது. அதில் தோழியின் பிறந்தநாள் கேக் இருந்தது, ஆக்ராப் பயணம் இருந்தது, சிரித்த முகங்கள் இருந்தன. மரம் ஒரு முறைகூட வரவில்லை. மென்பொருளைக் குறைசொல்லிப் பயனில்லை. அதைச் செய்தவர்கள் மனித மனத்தைச் சரியாகவே படித்திருக்கிறார்கள். சிறந்ததை வைத்துக்கொண்டு மீதியைக் கழிப்பதுதான் நினைவின் இயல்பான வேலை. நாளுக்கு ஒரு படம் என்பது அந்த இயல்புக்கு எதிராகச் செய்யும் சிறு கலகம். 312 படங்களில் எது சிறந்தது என்று கேட்பதே அந்த வரிசையைப் பொறுத்தவரை பொருளற்ற கேள்வி.

இந்தக் கலகத்தை மிக நீண்டகாலம் நடத்தியவர்களுள் ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேமி லிவிங்ஸ்டன். கல்லூரி மாணவராக இருந்த 1979 மார்ச் 31 அன்று தொடங்கி, போலராய்டு கேமராவில் நாளுக்கு ஒரு படம் எடுத்தார். 1997 அக்டோபர் 25 அன்று, தம் 41ஆம் பிறந்தநாளில், மூளைப் புற்றுநோயால் இறந்தார். படங்கள் அன்றோடு நின்றன. ஏறக்குறைய 6,700 படங்கள். நண்பர்கள் அவற்றை ஒன்றுவிடாமல் எண்மமாக்கி, 2007இல் அவர் படித்த பார்ட் கல்லூரியில் காட்சிக்கு வைத்தார்கள். சாப்பாட்டு மேசைகள், தெருமுனைகள், நண்பர்களின் அரைத்தூக்க முகங்கள் என்றே வரிசை போகிறது. பிற்பகுதியில் மருத்துவமனை வருகிறது. பார்ப்பவர்களை உலுக்குவது மருத்துவமனைப் படங்கள் மட்டும் அல்ல. அவற்றுக்கு முன்னால் இருக்கும், நோயைப் பற்றி ஏதும் அறியாத ஆயிரக்கணக்கான மத்தியானங்களும்தான். பின்னால் என்ன வரும் என்று தெரிந்த ஒருவர் தேர்ந்து தொகுத்திருந்தால் அந்த மத்தியானங்களுக்கு இடமே கிடைத்திருக்காது.

பஞ்சத்தைப் படிக்கும் மாணவிக்கு இந்த வேறுபாடு மரத்தடி விவகாரமாக நிற்கவில்லை. தாது வருடப் பஞ்சத்துக்கும் ஒளிப்படங்கள் உண்டு. சென்னை மாகாணக் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்தவை அவை. அவற்றை ஒரு முறை பார்த்தவர் மறப்பதில்லை. எலும்பும் தோலுமாகக் குடும்பங்கள், பெரியவர் பின்னால், குழந்தைகள் முன்னால் என்று கேமராவுக்கு முன் வரிசைப்படுத்தி உட்காரவைக்கப்பட்டிருக்கின்றன. அக்காலக் கேமராவுக்கு அசையாமல் இருந்தாகவேண்டும். நிற்கவே வலுவில்லாதவர்கள் அசையாமல் இருந்திருக்கிறார்கள். படம் எடுத்தபின் அவர்களுக்கு உணவு கொடுக்காமலே அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு ஹூப்பர்மீது நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. பின்னாளில், 1886இல், பர்மாவில் சுட்டுக்கொல்லப்படவிருந்தவர்களை அந்தக் கணத்திலேயே படம்பிடிக்க முயன்றதற்காக விசாரணைக்கும் ஆளானார். உச்சத் தருணத்தை மட்டுமே தேடிய கண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவரைவிடக் கொடிய சான்று காண்பது அரிது.

இன்று அந்தப் பஞ்சத்தைப் பற்றி எந்த நூலைத் திறந்தாலும், எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் ஹூப்பரின் படங்களே முன்னிற்கின்றன. அவை பொய் சொல்லவில்லை. ஆனால் அவை பஞ்சத்தின் கடைசிக் காட்சியை மட்டும் சொல்கின்றன. 1876இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்த வாரங்களில் சந்தை எப்படி இருந்தது? ரூபாய்க்கு இத்தனை சேர் என்ற அளவு ஒவ்வொரு வாரமும் சுருங்கியபோது ஒரு குடும்பம் எதை முதலில் விற்றது, கலப்பையையா, தாலியையா? இந்த நாள்களுக்குப் படம் கிடையாது. அங்கே உதவுவது அரசிதழ்களில் மாவட்டவாரியாக வந்த தானிய விலைப் பட்டியல்கள்தாம். அழகற்றவை, ஒன்றைப்போல் ஒன்று இருப்பவை. அந்த மாணவி நான்காண்டுகளில் பெரும்பகுதியைச் செலவிட்டது அவற்றோடுதான். பஞ்சத்தில் இறந்தவர்கள் படத்தில் தெரிகிறார்கள். பஞ்சம் எப்படி வந்தது என்பது பட்டியலில் தெரிகிறது.

அந்தப் பஞ்சமே நாள்தோறும் எடுக்கப்படும் வேறொரு படவரிசைக்கும் காரணமாயிற்று என்பது வியப்பானது. அக்காலத்தில் சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடிக்குறைவது தெரிந்திருந்தது. சென்னையின் மழையும் அதே தாளத்தில் கூடிக்குறைகிறது என்று வாதிட்டு, 1877இல் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரும் வானியலாளர் நார்மன் லாக்யரும் சேர்ந்து சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்துக் கட்டுரை எழுதினார்கள். சூரியனைப் படித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது நம்பிக்கை. 1878 முதல் டேராடூனில் நாள்தோறும் சூரியனைப் படமெடுக்கும் பணி தொடங்கியது. கிரீனிச் ஆய்வுக்கூடம் 1874 முதலே அதைச் செய்துவந்தது. இங்கிலாந்தில் மேகம் மூடிய நாள்களின் இடைவெளியை இந்தியத் தகடுகள் நிரப்பின. அதே எண்ணத்தின் தொடர்ச்சியாகவே சென்னை வானாய்வகத்தின் பணி பழனி மலையேறி, 1899இல் கோடைக்கானல் சூரிய ஆய்வகமாக உருவெடுத்தது.

கோடைக்கானலில் 1904 முதல் சூரியனின் வெண்ணொளிப் படம் எடுக்கப்பட்டுவருகிறது. வானம் திறந்த நாளெல்லாம் ஒரு படம். 1918 முதல் அதே 15 சென்டிமீட்டர் தொலைநோக்கி. சூரிய வட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் அகலத்தில் பதியும். இதோடு கால்சியத்தின் ஊதா ஒளியில் ஒரு வரிசையும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் இன்னொரு வரிசையும் சேர்ந்தன. இரண்டு உலகப்போர்கள் வந்தன, நாடு விடுதலை பெற்றது, இயக்குநர்கள் மாறினார்கள். காலையில் மாடம் திறந்தது. அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். பாடநூல்களில் கோடைக்கானலின் பெயர் நிற்பது அதனால்தான். எவர்ஷெட்டுக்கு அந்தப் பெருமை உரியதே. ஆயினும் பெயர் குறிக்கப்படாத உதவியாளர்கள் பனிக்குளிரில் எழுந்து, மாடத்தைத் திறந்து, தகட்டை ஏற்றி, தேதியும் நேரமும் எழுதி, இருட்டறையில் கழுவி எடுத்த அந்த நாள்களைப் பற்றிப் பாடநூல்கள் பேசுவதில்லை.

இனி, அந்தப் படங்கள் எதற்காகத் தொடங்கப்பட்டனவோ அது என்னவாயிற்று? நிறைவேறவில்லை. 1904இல் இந்திய வானிலை ஆய்வின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் இடையே பஞ்சத்தை முன்னறிவிக்கப் போதுமான உறவு இல்லை என்று கணக்கிட்டுக் காட்டினார். பருவமழையின் சாவி வேறிடத்தில் இருந்தது. பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் உயரும்போது மறுபக்கத்தில் தாழ்கிறது என்ற ஊசலை வாக்கர் கண்டார். 1960களில் ஜேக்கப் பியர்க்னெஸ் அதை எல் நினோவோடு இணைத்தார். தாது வருடத்தில் மழை பொய்த்ததற்குப் பின்னால் ஒரு வலிய எல் நினோ இருந்தது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டது. வாக்கர் தம் ஊசலை எங்கிருந்து கண்டெடுத்தார்? உலகெங்கும் துறைமுகங்களிலும் வானிலை நிலையங்களிலும் குமாஸ்தாக்கள் நாள்தோறும் எழுதிவைத்த அழுத்த அளவுகளிலிருந்து. அவற்றை எழுதியவர் எவரும் பசிபிக் ஊசலைத் தேடவில்லை.

கோடைக்கானல் தகடுகளுக்கும் இதே கதைதான். பஞ்சக் கேள்வி இறந்தது, தகடுகள் இறக்கவில்லை. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்மமாக்கியிருக்கிறது. கால்சிய ஒளியில் பிரகாசமாகத் தெரியும் பகுதிகள் சூரியனின் காந்தப்புலம் வலுவாக உள்ள பகுதிகள் என்பது தெரிந்தபின், காந்தப்புலத்தை நேரடியாக அளக்கும் கருவிகள் வழக்கத்துக்கு வருமுன் இருந்த சூரியனின் காந்த வரலாற்றை இன்றைய ஆய்வாளர்கள் அந்தத் தகடுகளிலிருந்து மீட்கிறார்கள். 1910இல் தகட்டைக் கழுவியவர் இந்தக் கேள்வியைக் கனவிலும் கண்டிருக்க முடியாது. அவர் சூரியனில் முக்கியமானவை என்று தமக்குத் தோன்றிய நாள்களை மட்டும் படமெடுத்திருந்தால் இன்று அந்த வரலாறு கிடைத்திருக்காது. ஆய்வுத் திட்டம் எழுதும்போது நோக்கங்களை மூன்று புள்ளிகளில் சொல்லச் சொல்லும் படிவங்கள், இத்தகைய வேலைக்கு எந்தக் கட்டத்தில் இடம் வைத்திருக்கின்றன என்று தேடிப் பார்க்கலாம்.

எனினும் எடுத்துக் குவித்தால் போதும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. பழைய சூரியத் தகடுகளோடு வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி தருவது படத்தின் மங்கல் மட்டுமன்று. விளிம்பில் எழுதிய நேரம் தவறாக இருப்பதும், எந்தப் பக்கம் வடக்கு என்ற குறி பிழைபடுவதும் பெருந்தொல்லைகள். சூரியன் சுழல்கிறது. நேரமோ திசையோ பிழையானால் புள்ளி இடம் மாறிவிடும். ஒரு வரிக் குறிப்பு தகட்டுக்கு ஈடான மதிப்புள்ளது. விடுதி மாணவிக்கு இது கைபேசி மாறியபோது தெரிந்தது. பழைய கைபேசியின் மின்கலம் நலியத் தொடங்கியதும் புதியதொன்று வாங்கினார். இக்காலக் கைபேசிகள் ஒரு சொடுக்கில் பல படங்களை எடுத்து இணைத்து, நிழலை வெளிறச்செய்து, வானத்தைச் சற்றே நீலமாக்கித் தருகின்றன. புதிய கைபேசியின் வழியே பார்த்தால் தில்லியின் நவம்பர் அவ்வளவு மோசமில்லை! ஆகவே இரண்டு வாரம் இரண்டு கைபேசிகளாலும் அடுத்தடுத்து எடுத்தார். நாளுக்கு ஒரு படம் என்ற விதி அந்த 14 நாள்களில் மட்டும் மீறப்பட்டது. காரணமும் நோட்டில் உண்டு. கருவியை மாற்றும் வானிலை நிலையங்கள் பழையதையும் புதியதையும் சிலகாலம் சேர்த்து இயக்கும் வழக்கம் இதுவே. அவர் அதைப் படித்துச் செய்யவில்லை. விலைப் பட்டியல்களில் ஊருக்கு ஊர் சேரின் அளவு மாறி, பட்ட பாட்டிலிருந்து செய்தார்.

பிறகு அந்த இடைவெளி வந்தது. பிப்ரவரி 13 அன்று மரம் இலையெல்லாம் உதிர்த்துக் கரிய மொட்டுகளோடு நிற்கிறது. அடுத்த படம் மார்ச் 6. மரம் முழுவதும் சிவப்பு. நடுவில் 20 நாள்கள். நோட்டில் அந்த நாள்களுக்கு நேரே ஒரே சொல்: அம்மா. மயிலாடுதுறையில் தாயாருக்கு அறுவைச் சிகிச்சை. ஓராண்டு காத்திருந்த பூ, அவர் இல்லாத நாள்களில் பூத்துவிட்டது.

கோடை விடுமுறைக்கு முன், சுற்றுச்சூழல் துறையில் சேர்ந்திருந்த இளைய மாணவி ஒருவர் இந்தப் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். மரங்கள் தளிர்ப்பதும் பூப்பதும் ஆண்டுக்காண்டு எப்படி நகர்கின்றன என்பது அவருடைய ஆர்வம். நாடெங்கும் தன்னார்வலர்கள் வாரந்தோறும் ஒரு மரத்தைக் கவனித்துப் பதியும் சீசன்வாட்ச் திட்டத்திலும் அவர் பங்கேற்றிருந்தார். “அக்கா, முதல் பூ எந்தத் தேதி?” என்பது அவருடைய முதல் கேள்வி. பிப்ரவரி 13க்குப் பிறகு, மார்ச் 6க்குள் என்பதே விடை. இளையவர் முகம் வாடியதைக் கண்டு அறைத்தோழி தம் கைபேசியை எடுத்துவந்தார். தோழி ஊரில் இல்லாத நாள்களில் பரிதாபப்பட்டு ஆறு நாள் அவரே மரத்தைப் படமெடுத்திருந்தார். புள்ளியைப் பற்றி அவருக்குத் தெரியாது. நல்ல வெளிச்சம் வரட்டும் என்று ஒன்பது மணிவரை காத்திருந்து, கோணம் பார்த்து எடுத்திருந்தார். அந்த 20 நாள்களில் மிக அழகிய படங்கள் அவைதாம். பிப்ரவரி 22 படத்தில் மொட்டு மட்டும். 27 படத்தில் உச்சிக்கிளையில் நாலைந்து சிவப்புப் பொட்டுகள். கோப்பில் அவை தனி உறையில் சேர்ந்தன, ‘வேறு கை, வேறு நேரம்’ என்ற குறிப்போடு. கிரீனிச்சின் மேகநாள்களுக்கு டேராடூன் உதவியதுபோல ஒடிசா உதவியது.

இடைவெளியை நிரப்புவதைவிட இடைவெளியைக் குறிப்பது கடினம். தெஹ்சிங் ஷெ என்ற கலைஞர் நியூயார்க்கில் 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டு, பகலும் இரவும் மணிக்கு ஒரு முறை, தொழிற்சாலைகளில் வருகை பதியும் கடிகாரத்தில் அட்டையைக் குத்தி, ஒவ்வொரு முறையும் தம்மையே ஒரு சட்டகம் படம்பிடித்தார். தொடக்கத்தில் தலையை மழித்துக்கொண்டார். முடி வளர்வதே காலத்தின் அளவாயிற்று. 8,760 முறைகளில் 133 தவறின. அந்த 133ஐ அவர் மறைக்கவில்லை. தூக்கத்தில் தவறியவை 94, தாமதமானவை 29, முன்கூட்டியே குத்தியவை 10 என்று பிரித்து அவற்றையும் படைப்பின் பகுதியாகவே வெளியிட்டார். அந்த 133 இல்லாவிட்டால் மற்ற 8,627ஐயும் நம்புவது எளிதாக இருந்திருக்காது. நாள்தோறும் படமெடுக்கிறவர்களில் பலர் முதல் நாள் தவறியதும் மனமுடைந்து நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் மறுநாள் இரண்டு எடுத்து ஒன்றுக்கு முந்தைய நாளின் தேதியை இடுகிறார்கள். தரவுகளோடு பழகியவர்களுக்கு அந்த இரண்டாவது செயலின் பெயர் தெரியும்.

விடுதியில் அந்த மாணவிக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்திருந்தது: இலவு காத்த கிளி. தமிழ் மாணவர்கள் கூடினால் அந்தக் கேலி தவறாது. காய் கனியும் என்று காத்திருந்து, பஞ்சு பறந்ததும் ஏமாந்த கிளி. நான்காம் ஆண்டிலும் முடியாத ஆய்வேட்டுக்குப் பொருத்தமான உவமை என்பதில் ஐயமில்லை. இளையவருக்காகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மார்ச் மாதப் படங்களில், சிவந்த பூக்களுக்கு நடுவே, ஒன்பது படங்களில் கிளிகள் இருந்தன. பூவுக்குள் அலகை நுழைத்திருந்தன. செமலின் தேனுக்காக மைனாக்களும் காகங்களும் கிளிகளும் மொய்ப்பது தில்லியில் பறவை பார்ப்போர் அறிந்ததே. பஞ்சு வெடித்த மே மாதப் படங்கள் ஒன்றிலும் கிளி இல்லை. பழமொழியின் கிளி காய்க்காகக் காத்திருந்தது; இந்த மரத்துக் கிளிகள் பூவுக்கு வந்து, உண்டு, பஞ்சு பறக்குமுன் போய்விட்டிருந்தன. இதைக் கேட்டு நண்பர்கள் ஆரவாரித்தார்கள், பட்டப்பெயர் இனிச் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அவர் மட்டும் ஒப்பவில்லை. 7.40க்கு ஒரு கணம் எடுத்த படம் எட்டு மணிக்குக் கிளி வந்ததா என்று சொல்லாது என்றார்.

ஆய்வேடு ஐந்தாம் ஆண்டின் இறுதியில் முடிந்தது. மூன்றாம் இயல் முழுவதும் விலைகளைப் பற்றியது. ஹூப்பரின் படம் ஒன்றுகூட அதில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு முன்னுரையில் ஒரு பத்தி உண்டு. அட்டவணைகளில் விலை நிரலுக்கு அருகே, பட்டியல் கிடைக்காத வாரங்களுக்கென்று தனி நிரல் ஒன்று இருக்கிறது: அரசிதழில் அச்சாகவில்லை, தாள் கிழிந்துள்ளது, எண் படிக்க முடியவில்லை, அந்த வாரம் சந்தையில் தானியம் வரவில்லை. முதல் வரைவைப் பார்த்த நெறியாளர், “இவ்வளவு வெற்றிடத்தைக் காட்டவேண்டுமா அம்மா? சராசரி எடுத்து நிரப்பிவிடலாமே” என்றார். மாணவி தம் மடிக்கணினியைத் திறந்து, ஜனவரியின் 11 வெள்ளைப் படங்களைக் காட்டினார். நெறியாளர் சிறிதுநேரம் அவற்றைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். பிறகு நான்காவது காரணத்தைச் சுட்டி, தானியம் வராத வாரங்களைக் கிழிந்த தாள்களோடு ஒரே நிரலில் வைக்க வேண்டாம், அவற்றைப் பிரித்து எழுதுங்கள் என்றார். பிரித்தபோது, தானியம் வராத வாரங்கள் 1877இன் நடுப்பகுதியில் அடுத்தடுத்து நின்றன.